குட்டி விலங்கு பதித்த வெள்ளி நாணயங்கள்: வாங்கும் முன்பிருந்து பெட்டியில் பூட்டும் வரை

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் மலேசியாவில் ரிங்கிட்டுக்கும் வெள்ளி என்றுதான் பெயர், உலோகத்துக்கும் வெள்ளி என்றுதான் பெயர். ‘இந்த வெள்ளிக் காசு எத்தனை வெள்ளி?’ என்று சுங்கை சிப்புட்டில் கேட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். எழுத்தில் குழப்பம் வரும். அதனால் இங்கே வெள்ளி என்றால் உலோகம் மட்டும். பணத்துக்கு ரிங்கிட் என்றே எழுதுகிறேன்.

எங்கள் தாமான் குடியிருப்பிலும் பக்கத்துத் தோட்டத்து லயங்களிலும் இந்த நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கிய பலருக்குக் கூட இருந்து உதவியிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். நாணயத்தை முதலில் வாங்கிவிடுகிறார்கள். எதில் வைப்பது, எப்படிச் சோதிப்பது என்பதை அப்புறம் யோசிக்கிறார்கள். அதற்குள் குட்டிக் கோலாவின் நெற்றியில் கைரேகை பதிந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் நாணயம் வீட்டுக்கு வருவது ஆறாவது படியில்தான். முதல் ஐந்தையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

குட்டி விலங்கு நாணயங்களில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் விலையும் வேறு, விற்கும் வழியும் வேறு.

முதல் வகை ஆண்டுதோறும் வரும் புல்லியன் நாணயங்கள். உலோகத்துக்காக வாங்கப்படுபவை. சீனப் பாண்டாவில் ஆண்டுக்கு ஒரு படம் (2001-க்கும் 2002-க்கும் மட்டும் ஒரே படம்). பல ஆண்டுகளில் தாயும் குட்டியும் சேர்ந்து வரும். சோமாலியா யானையை ஜெர்மனியில் உள்ள பவேரிய அரசு நாணயச் சாலை 2004 முதல் அடிக்கிறது. அதிலும் சில ஆண்டுகளில் தாய்க்குப் பக்கத்தில் குட்டி நிற்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் மிண்ட் 2007 முதல் வெளியிடும் கோலா நாணயமும் இந்த வகைதான். இவற்றில் எல்லா ஆண்டும் குட்டி இருக்காது. படத்தைப் பார்த்து ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது வகை குட்டிகளுக்கென்றே வந்த தொடர்கள். பெர்த் மிண்டின் ‘புஷ் பேபிஸ்’ தொடர் அரை அவுன்ஸ் எடையில், வண்ணம் பூசி வந்தது. கனடாவின் ராயல் கனடியன் மிண்ட் ‘பேபி அனிமல்ஸ்’ என்று 20 டாலர் முகமதிப்பில் ஒரு தொடர் வெளியிட்டது. இவை குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் அடிக்கப்பட்டவை. பெட்டி, சான்றிதழ் எல்லாம் கூடவே வரும்.

புதியவர்களுக்கு என் யோசனை: முதல் நாணயத்தை முதல் வகையிலிருந்து வாங்குங்கள். விலை உலோக மதிப்பை ஒட்டி இருப்பதால், தவறு செய்தாலும் நட்டம் சிறியது. கையாளப் பழகிய பிறகு இரண்டாவது வகைக்குப் போகலாம். அப்போதும் ஒரு தொடரை மட்டும் பிடியுங்கள். ஐந்து தொடர்களில் ஒவ்வொன்று வாங்கினால் ஐந்துமே அரைகுறையாக நிற்கும். பின்னால் விற்கும்போது முழுத் தொடருக்கு உள்ள மரியாதை உதிரிக்குக் கிடைக்காது.

நம் நாட்டு நாணயம் ஏதும் இல்லையா என்று எல்லோரும் கேட்பார்கள். 1976-இல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வனவிலங்குப் பாதுகாப்புக்காக வெளியிட்ட வரிசையில் 15 ரிங்கிட் வெள்ளி நாணயத்தில் காட்டெருது இருக்கிறது. செலாடாங் என்பார்களே, அதுதான். 25 ரிங்கிட் வெள்ளி நாணயத்தில் இருவாட்சிப் பறவை. குட்டைத் தும்பிக்கை போன்ற மூக்குள்ள தாப்பிர் 500 ரிங்கிட் தங்க நாணயத்துக்குப் போய்விட்டது. எல்லாம் வளர்ந்த விலங்குகள், குட்டிகள் இல்லை. தாப்பிர் குட்டி பிறக்கும்போது உடம்பெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, தர்ப்பூசணிக்குக் கால் முளைத்தது போல இருக்கும். அதை ஒரு நல்ல செதுக்குக் கலைஞர் வெள்ளியில் செய்தால் எப்படி இருக்கும் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

2. விவரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விற்பவர் எழுதும் விவரத்தில் எடை, தூய்மை, முடிப்பு, நாடு, ஆண்டு என்று ஐந்து சேதி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

எடையில்தான் பெரிய குழப்பம். நாணயத்தில் சொல்லும் அவுன்ஸ் ட்ராய் அவுன்ஸ், அது 31.1 கிராம். சமையல் புத்தகத்தில் வரும் அவுன்ஸ் 28.35 கிராம். ‘ஒரு அவுன்ஸ்’ என்று வாங்கிய நாணயம் தராசில் 28 கிராம் காட்டினால் அது பெரும்பாலும் போலி.

பாண்டாவில் இன்னொரு நுட்பம் உண்டு. 2015 வரை அது ஒரு அவுன்ஸ். 2016-லிருந்து 30 கிராம். 2018 பாண்டாவை ‘ஒரு அவுன்ஸ்’ என்று ஒருவர் விற்றால், அவர் கையில் உள்ள பொருளை அவரே சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் நின்று யோசியுங்கள்.

தூய்மையை 999 அல்லது 9999 என்று எண்ணில் போட்டிருப்பார்கள். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. எண் இல்லாமல் சொல் மட்டும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ‘சில்வர் பிளேட்டட்’ என்றால் முலாம். ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. ‘100 மில்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது முலாமின் தடிமனைச் சொல்வது, வெள்ளியின் அளவை இல்லை. புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த மூன்று சொல்லில்தான்.

முடிப்பு என்பது மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பது. ப்ரூஃப் என்றால் பின்புலம் கண்ணாடி மாதிரி மின்னும், விலங்கு பனி படிந்தது போல மங்கலாக இருக்கும். சாதாரண புல்லியனில் அந்த அளவு மின்னல் இருக்காது. வண்ணம் பூசியது என்றால் வெள்ளியின் மேல் நிறம் அச்சாகியிருக்கும். முடிப்பைப் பொறுத்துத்தான் பின்னால் செய்யும் சோதனையும் பாதுகாப்பும் மாறும்.

நாட்டைப் பார்க்கும்போது துவாலு, நியுவே, குக் தீவுகள் என்றெல்லாம் வரும். பயப்பட வேண்டாம். அந்த நாடுகளின் பெயரில் வேறு நாட்டு நாணயச் சாலைகள் அடிப்பது வழக்கம். அடித்தது யார் என்று மட்டும் கேளுங்கள்.

ஆண்டும் நாணயத்தில் உள்ள அரசர் தலையும் பொருந்துகின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள். எலிசபெத் அரசியார் 2022 செப்டம்பரில் மறைந்தார். அதன் பிறகு வந்த பெர்த் மிண்ட் நாணயங்கள் பலவற்றில் அவர் தலைக்குப் பக்கத்தில் 1952–2022 என்று ஆட்சி ஆண்டுகள் இருக்கும். பின்னர் சார்லஸ் மன்னரின் தலை வந்தது. 2012 என்று ஆண்டு போட்டு சார்லஸ் தலையோடு ஒரு ஆஸ்திரேலிய நாணயம் வந்தால், மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம்.

3. நாணயத்துக்கு முன் வாங்க வேண்டியவை

இதற்கு ஒதுக்கும் பணத்தை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். ஒரு போலி நாணயத்தின் விலைக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று வேண்டும். சமையல் தராசு போதாது. அது 30-க்கும் 31-க்கும் நடுவே தடுமாறும், நமக்கோ அந்த ஒரு கிராம்தான் கேள்வி. விட்டமும் தடிமனும் அளக்க ஒரு காலிப்பர்; பிளாஸ்டிக் வாய் உள்ளதாக இருந்தால் கீறல் விழாது. ஒரு சிறிய நியோடிமியம் காந்தம். நாணயத்தின் விட்டத்துக்குப் பொருந்தும் அக்ரிலிக் கேப்சூல்கள், அதாவது நாணயத்தை உள்ளே வைத்து மூடும் வட்டக் கூடுகள். மூடியில் ரப்பர் வளையம் இல்லாத, ஆனால் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள். பெட்டிக்குள் வைக்க ஒரு சின்ன ஈரப்பத மானி.

கையுறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் லேட்டக்ஸ் கையுறை மலிவாகக் கிடைக்கும், கையில் அதுதான் முதலில் வரும். அதைப் போடாதீர்கள். பருத்திக் கையுறையோ பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையோ நல்லது. காரணம் எட்டாவது படியில் வருகிறது.

4. விலையைக் கணக்குப் போடுங்கள்

விலையில் இரண்டு பங்கு உண்டு: வெள்ளியின் விலை, அதற்கு மேல் உள்ள கூடுதல். இரண்டையும் பிரிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கணக்குக்காக, இன்றைய சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அரை அவுன்ஸ் நாணயத்தில் உள்ள வெள்ளி 100 ரிங்கிட். அது வண்ணப் படத்தோடும் பெட்டியோடும் 320 ரிங்கிட்டுக்கு வருகிறது என்றால், 220 ரிங்கிட் படத்துக்கும் அருமைக்கும் கொடுப்பது. அந்தக் குட்டியைப் பார்க்கப் பார்க்க மனம் நிறைகிறதா, தாராளமாகக் கொடுங்கள். முதலீடு என்று நினைத்துக் கொடுத்தால் மட்டும் கணக்கு இடிக்கும், ஏனென்றால் உலோகம் வாங்கும் கடைக்காரர் அந்த 220-ஐப் பார்க்கவே மாட்டார்.

சந்தை விலை அமெரிக்க டாலரில், அவுன்ஸுக்கு இவ்வளவு என்று வரும். நம் கடைகளில் கிராம் விலை சொல்வார்கள். அவுன்ஸ் விலையை 31.1-ஆல் வகுத்துக் கிராமாக்கிய பிறகே ஒப்பிடுங்கள். 200 ரிங்கிட் அவுன்ஸ் என்றால் கிராம் 6 ரிங்கிட் 43 சென்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் தபால் கட்டணத்தோடு இன்னொன்றும் சேரும். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளை இணையத்தில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி என்பது 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா, கடைசியில் சேருமா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் 300 ரிங்கிட் என்று ஆசையாக ஆர்டர் போட்டார். வரியும் தபாலும் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேர்ந்து 370-ஐத் தொட்டது. அதே நாணயம் ஈப்போவில் 345-க்கு இருந்தது.

5. விற்பவரிடம் பேசுங்கள்

மூன்று படம் கேளுங்கள்: முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. மூன்றாவதைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். விளிம்பில் உள்ள கோடுகள் சீராக இருக்கின்றனவா, நடுவில் மடிப்பு மாதிரி ஒரு தையல் தெரிகிறதா என்பது அதில்தான் தெரியும். வார்ப்பில் செய்த போலிக்கு அந்தத் தையல் இருக்கும்.

படம் அவரே எடுத்ததா, நாணயச் சாலையின் விளம்பரப் படமா என்றும் பாருங்கள். அன்றைய நாளிதழின் மேல் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்வது தப்பில்லை. கேப்சூலோடு வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அச்சு மை வெள்ளிக்கு ஆகாது.

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரமதிப்பு நிறுவனங்கள் நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து 70-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அந்த உறையில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். உறையையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எண் சரியாக வந்தால் மட்டும் போதாது; அங்கே படம் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

உலோக விலைக்கும் கீழே யாராவது விற்றால் விலகிவிடுங்கள். உண்மையான வெள்ளி வைத்திருப்பவர் எந்த வெள்ளிக் கடைக்குப் போனாலும் அதைவிடக் கூடுதலாக வாங்கிவிடுவார். உங்களிடம் குறைத்து விற்க அவருக்கு ஒரு தேவையும் இல்லை.

6. பார்சலைத் திறக்கும் முறை

திறப்பதற்கு முன் கைப்பேசியில் காணொளி ஓடட்டும். பெயர் ஒட்டிய பக்கம், ஒட்டுநாடா, பிறகு திறப்பது, பிறகு தராசில் வைப்பது எல்லாம் ஒரே காணொளியில், இடையில் நிறுத்தாமல் வர வேண்டும். பணம் திரும்பக் கேட்க நேர்ந்தால் அதுதான் சாட்சி. வெட்டி ஒட்டிய காணொளியை யாரும் ஏற்பதில்லை.

சாப்பாட்டு மேசையில் திறக்காதீர்கள். படுக்கையின் மேல் ஒரு சுத்தமான பருத்தித் துணியை விரித்து அதன் மேல் திறங்கள். கைதவறி விழுந்தாலும் அடிபடாது. டைல்ஸ் தரையில் ஒரு முறை விளிம்பில் விழுந்த நாணயம் பழைய நிலைக்குத் திரும்பாது.

நாணயத்தின் முகத்துக்கு நேரே பேசாதீர்கள். எச்சில் துளி கண்ணுக்குத் தெரியாமல் தெறிக்கும். சில மாதம் கழித்து அங்கே கரும்புள்ளி வரும். வீட்டில் குழந்தைகள் ‘எங்கே, எங்கே’ என்று முகத்தை நீட்டுவார்கள். கேப்சூலை மூடிய பிறகு காட்டுங்கள். ஆசை தீரப் பார்க்கட்டும்.

7. சோதனை

வரிசை முக்கியம். நாணயத்தைத் தொடத் தேவையில்லாத சோதனை முதலில், தொடும் சோதனை கடைசியில். முதல் இரண்டிலேயே போலி என்று தெரிந்துவிட்டால் மேற்கொண்டு கை வைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பலாம்.

முதலில் எடை. புல்லியன் நாணயத்தை நேராக நிறுக்கலாம். ப்ரூஃப் நாணயத்தையும் வண்ண நாணயத்தையும் கேப்சூலை விட்டு வெளியே எடுக்காதீர்கள். அதே மாதிரியான வெறும் கேப்சூல் ஒன்றை முதலில் நிறுத்து எழுதிக்கொண்டு, நாணயம் உள்ள கேப்சூலை நிறுத்துக் கழியுங்கள். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், அரை அவுன்ஸ் 15.55 கிராம், 2016-க்குப் பிறகு வந்த பாண்டா 30 கிராம். மிகச் சிறிது கூடலாம். குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து விட்டமும் தடிமனும். வெள்ளிப் பாண்டாவின் விட்டம் 40 மில்லிமீட்டர், சோமாலியா யானை 39. போலி செய்பவர் செம்பையோ பித்தளையையோ உள்ளே வைத்தால், அது வெள்ளியைவிட இலேசு. அதே எடை வர நாணயத்தைத் தடிமனாக்கவோ அகலமாக்கவோ வேண்டும். அதனால்தான் எடை சரியாக இருந்தும் கேப்சூலில் இறுக்கமாக உட்காரும் நாணயம் சந்தேகத்துக்கு உரியது. எடையையும் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

மூன்றாவது காந்தம். காந்தம் ஒட்டிக்கொண்டால் போலி, அதில் பேச்சே இல்லை. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தமில்லை; செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் காந்தத்தை வழுக்கவிட்டால், வெள்ளியில் தேனில் இறங்குவது போல மெதுவாக இறங்கும். இது கீறலை உண்டாக்கும், அதனால் புல்லியனில் மட்டும், நடுவில் ஒரு மெல்லிய தாள் வைத்துச் செய்யுங்கள்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஆனால் ப்ரூஃபுக்கும் வண்ண நாணயத்துக்கும் கூடவே கூடாது. தராசின் மேல் ஒரு கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரை வைத்துத் தராசைச் சுழியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ சுவரிலோ படக்கூடாது. தராசு இப்போது ஒரு எண்ணைக் காட்டும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.4-க்கும் 10.5-க்கும் இடையில் வர வேண்டும். சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49. ஒரு அவுன்ஸ் நாணயத்துக்குத் தராசு ஏறக்குறைய 2.97 காட்டும். செம்பு என்றால் 3.47 காட்டும். இந்த அரை கிராம் வித்தியாசத்தை எந்தப் போலிக்காரராலும் எளிதில் மறைக்க முடியாது.

இதில் நடக்கும் தவறு குமிழி. நாணயத்தின் குழிவுகளில், முக்கியமாகக் குட்டியின் காதோரத்தில், சின்னக் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு எண்ணைக் கெடுக்கும். நூலை மெதுவாக ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எங்கள் தெருவில் ஒருவர் நல்ல யானை நாணயத்தைப் போலி என்று திருப்பி அனுப்பப் பார்சலே கட்டிவிட்டார். நாங்கள் பிரித்து மறுபடி தொங்கவிட்டோம். தும்பிக்கைக்கு அடியில் ஒரு குமிழி கடுகு மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டிவிட்டதும் 2.97 வந்தது.

சோதனை முடிந்ததும் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகே கேப்சூலுக்குள் போக வேண்டும்.

அமிலம் விட்டுப் பார்ப்பது, கீறிப் பார்ப்பது, ஒரு நாணயத்தால் இன்னொன்றைத் தட்டி ஓசை கேட்பது இவையெல்லாம் சேகரிப்பாளருக்கு வேண்டாம். நல்ல நாணயம் என்று தெரியவரும்போது அது நல்ல நாணயமாக இருக்காது.

8. வைக்கும் இடம்

நாணயம் கெட்டுப்போவது அநேகமாகக் கடையில் இல்லை, வீட்டில்தான். அதனால் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு கரும்படலமாகின்றன. ஈரம் அதை விரைவாக்கும். நம் ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. மத்தியானம் மழை பிடித்தால் சுவரே வியர்க்கும்.

பால்மரம் வெட்டி வளர்ந்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ரப்பர் பொருள் எதுவும் நாணயத்தின் பக்கத்தில் வரக்கூடாது. மரத்திலிருந்து வடியும் பாலில் சிக்கல் இல்லை. தொழிற்சாலையில் அதை உறுதியாக்கக் கந்தகம் சேர்க்கிறார்கள். நாசி லெமாக் பொட்டலத்தில் போட்டு வரும் ரப்பர் பேண்டை எடுத்து நாணயப் பெட்டியில் மாட்டுவதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். சில மாதத்தில் பேண்டு பட்ட இடத்துக்கு நேரே நாணயத்தில் பழுப்புக் கோடு விழும். லேட்டக்ஸ் கையுறையும், ரப்பர் வளைய மூடியும், ரப்பர் விரிப்பும் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்.

சாமி அறையும் வேண்டாம். வெள்ளி என்றால் இலட்சுமி, அதனால் சாமி படத்துக்கு அடியில் வைப்பது நம் வழக்கம். மனம் புரிகிறது. என் முதல் நாணயத்தை, தாயும் குட்டியுமான யானை அது, நானும் அங்கேதான் வைத்தேன். தினமும் சாம்பிராணி, கற்பூரம், விளக்குப் புகை. ஒரு வருடத்தில் குட்டியின் காது மடலில் தொடங்கித் தேன் நிறம் பரவி, முதுகுவரை வந்துவிட்டது. முதல் நாள் ஒரு முறை சாமிக்கு வைத்து எடுத்துவிடுங்கள். பிறகு படுக்கையறை அலமாரிதான் அதற்கு இடம். சமையலறைப் பக்கமும் வேண்டாம். முட்டை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் கந்தகம் உண்டு.

மென்மையான, வாசனை வரும் பிளாஸ்டிக் உறைகள் பிவிசி. அவை நாளானால் பச்சையாக ஒரு பிசுக்கைக் கசியவிடும். கேப்சூல் அக்ரிலிக்காகவும் உறை பெட் (PET) பிளாஸ்டிக் அல்லது மைலாராகவும் இருக்கட்டும். அட்டைப் பெட்டி, நாளிதழ், கம்பளித் துணி எதிலும் சுற்ற வேண்டாம்.

கேப்சூல் அளவும் பார்க்க வேண்டிய ஒன்று. பெர்த் மிண்டின் அரை அவுன்ஸ் நாணயங்கள் அகலமாக, மெல்லிசாக இருக்கும். எடை பாதி என்பதால் விட்டமும் சின்னதாக இருக்கும் என்று ஊகித்துச் சின்னக் கேப்சூல் வாங்கிவிடுவார்கள். எப்போதும் மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள். தளர்வாக இருந்தால் நாணயம் உள்ளே ஆடி விளிம்பு தேயும்.

கேப்சூல்களைப் பெட்டியில் அடுக்கி, மூலையில் சிலிக்கா ஜெல் வையுங்கள். ஈரப்பத மானி 40 விழுக்காட்டை ஒட்டி நிற்கட்டும். மணிகள் நிறம் மாறியதும் குறைந்த சூட்டில் ஓவன் அடுப்பில் உலர்த்தி மறுபடி போடலாம். மழைக்காலத்தில் அடிக்கடி உலர்த்த வேண்டியிருக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும், ஈரத்தை நீக்கும் ட்ரை கேபினெட் வாங்க முடிந்தால் இந்த வேலை மிச்சம்.

சான்றிதழை நாணயத்தோடு ஒரே கேப்சூல் பெட்டியில் போடாமல் தனி உறையில் வையுங்கள். காகிதத்தை இராமபாணப் பூச்சி தின்னும், மர அலமாரியில் கரையான் ஏறும். தாள் போனால் தொடரின் விலையில் ஒரு பகுதியும் போகும்.

9. துடைக்காதீர்கள்

நம் வீடுகளில் வெள்ளிக் கொலுசையும் குங்குமச் சிமிழையும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவோம். பற்பசை, புளி, எலுமிச்சை, அலுமினியத் தாளோடு சோடா உப்பு என்று ஆளுக்கொரு கைமுறை இருக்கும். கொலுசுக்கு எல்லாம் சரி. நாணயத்துக்கு இவற்றில் எதுவும் கூடாது.

தேய்க்கும்போது கறுப்போடு வெள்ளியின் மேல் தோலும் போகிறது. ப்ரூஃபின் கண்ணாடிப் பரப்பில் மயிரிழைக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் விழும். வெளிச்சத்தில் சாய்த்தால் பாத்திரம் தேய்த்தது போலத் தெரியும். குட்டியின் உடலில் உள்ள பனிப்படலம் மறைந்துவிட்டால் திரும்ப வராது. இயற்கையாகக் கறுத்த நாணயத்துக்கு வாங்க ஆள் உண்டு. தேய்த்த நாணயத்துக்கு உலோக விலைதான்.

சில புல்லியன் நாணயங்களில் பால் தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள் வரும். அது உங்கள் தவறு இல்லை, அடிக்கும் இடத்தில் கழுவி உலர்த்தும்போது தங்குவது. வீட்டில் எதைப் போட்டாலும் போகாது. விட்டுவிடுங்கள்.

ஒரே விதிவிலக்கு பிவிசி பச்சைப் பிசுக்கு. வண்ணம் பூசாத நாணயமாக இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்துக் காயவிடலாம். நகப்பூச்சு நீக்கி வேண்டாம்; அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். வண்ண நாணயத்தில் அசிட்டோன் பட்டால் குட்டியின் நிறமே கரைந்துவிடும்.

10. குறிப்பேடும் விற்பனையும்

வாங்கிய அன்றே எழுதுங்கள்: நாணயம், ஆண்டு, அளந்த எடை, அளந்த விட்டம், விலை, அன்றைய அவுன்ஸ் விலை, வாங்கிய இடம். கூடவே இரண்டு பக்கமும் படம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே வெளிச்சத்தில் மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டால், கறுப்பு தொடங்கும்போதே தெரிந்துவிடும், இடத்தை மாற்றலாம்.

விற்க வேண்டி வந்தால் அடகுக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே பேச்சு தங்கத்தைப் பற்றித்தான். புல்லியன் பாண்டாவையும் யானையையும் உலோக வியாபாரியிடம் விற்கலாம். வண்ணக் குட்டிகளுக்கும் முழுத் தொடருக்கும் சேகரிப்பாளரைத்தான் தேட வேண்டும், அதற்கு நாளாகும். ஆகவே அவசரச் செலவுக்கான பணத்தை இரண்டாவது வகையில் முடக்காதீர்கள்.

அனுப்பும்போது கேப்சூல் ஆடாதபடி மென்தாள் வைத்து, சான்றிதழைத் தனி உறையில் போட்டு, வெளி அட்டையில் ‘நாணயம்’ என்று எழுதாமல் காப்பீட்டோடு அனுப்புங்கள். கட்டுவதற்கு ஒட்டுநாடா போதும். ரப்பர் பேண்டு வேண்டாம்.